கணிப்பொறிக்கு முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்போம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

விஞ்ஞானத்தின் விந்தைகளுள் தலையாயது கணிப்பொறி. வங்கியில், ரயில் நிலையத்தில், மருத்துவமனையில், ஏன், நம் அரிசிக் கார்டைச் சரிபார்க்கும் சிறு கருவியில்கூட அது குடியிருக்கிறது. "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்றால் பெரியவர்களும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனால் தோழியரே, கணிப்பொறி தானாக எதையும் சொல்வதில்லை. எங்கோ ஒரு மனிதர் அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது நமக்குத் திருப்பிச் சொல்கிறது. அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்கே நிரல் எழுதுதல் என்று பெயர். கணிப்பொறி முடிவெடுக்க எவ்வாறு கற்றுக்கொடுக்கிறார்கள், பிழை நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எவ்வாறு முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

படிகளும் கிளைகளும்

நம் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். முதல் படி, இரண்டாம் படி என்று வரிசையாக ஏறினால் உச்சியை அடைந்துவிடலாம். கணிப்பொறி நிரலும் இப்படிப்பட்ட படிகளின் வரிசைதான். ஒரு கட்டளையை முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகும்.

ஆனால் வாழ்க்கை எப்போதும் நேர்ப் படியாக இருப்பதில்லையே! திருத்தணி ரயில் நிலையத்தில் நிற்கிறோம். சென்னைக்குப் போக வேண்டுமானால் அரக்கோணம் வழியாகச் செல்லும் வண்டி. திருப்பதிக்குப் போக வேண்டுமானால் ரேணிகுண்டா வழியாகச் செல்லும் வண்டி. இங்கே பாதை பிரிகிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஒரு கேள்வி தீர்மானிக்கிறது. கணிப்பொறிக்கும் இப்படியே ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்ற இரண்டே விடைகள்தான் இருக்கலாம். "பார்க்கலாம்", "ஒருவேளை" என்ற விடைகள் அதற்குப் புரியாது.

ஆங்கில நிரல் மொழிகளில் இதை 'இஃப்', 'எல்ஸ்' என்ற இரு சொற்களால் எழுதுகிறார்கள். தமிழிலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்ற மொழியை முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கியிருக்கிறார். அதில் 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்ற நம் சொற்களே பயன்படுகின்றன. பொதுத் தேர்வில் 35 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்பதை அதில் இவ்வாறு எழுதலாம்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "துணைத்தேர்வு"
முடி

ஐந்தே வரிகள்தான். ஆனால் முதல் வரியில் உள்ள சமக்குறியை நன்றாகக் கவனியுங்கள். அந்தக் குறியை விட்டுவிட்டு '35க்கு மேல்' என்று மட்டும் ஒருவர் எழுதினால் என்ன நேரும்? 34 வாங்கியவளுக்கும் 36 வாங்கியவளுக்கும் முடிவு சரியாகவே வரும். மிகச் சரியாக 35 வாங்கிய மாணவி மட்டும் தோற்றவளாகிவிடுவாள். ஒரு சிறு கோடு விடுபட்டதால் ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பு வீணாகிறது அல்லவா? ஆகவேதான் நிரல் எழுதிப் பழகியவர்கள் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணையே முதலில் சோதிக்கிறார்கள். 34, 35, 36 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

'உம்' என்ற ஈரெழுத்து விளையாட்டு

அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் 20உம் செய்முறையில் 15உம் வாங்க வேண்டும். இந்த 'உம்' மிக முக்கியமானது. இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால்தான் தேர்ச்சி. இதையே 'அல்லது' என்று மாற்றி எழுதிவிட்டால், செய்முறையில் 25 வாங்கி எழுத்துத் தேர்வில் பூஜ்யம் வாங்கியவளும் தேறிவிடுவாள்! தமிழ் இலக்கணத்தில் உம்மையை நமக்கு எத்தனை கண்டிப்பாகச் சொல்லித்தருகிறார்களோ, அத்தனை கண்டிப்பு கணிப்பொறியிலும் தேவைப்படுகிறது.

பல கிளைகள் இருந்தால் கேள்விகளின் வரிசையும் முக்கியம். 100 வாங்கினால் பரிசு, 35 அல்லது அதற்கு மேல் வாங்கினால் தேர்ச்சி, இல்லாவிட்டால் துணைத்தேர்வு என்று மூன்று கிளைகள் இருப்பதாகக் கொள்வோம். "35 அல்லது அதற்கு மேலா?" என்ற கேள்வியை முதலில் கேட்டால் என்ன ஆகும்? நூற்றுக்கு நூறு வாங்கியவளும் அந்த வாசலிலேயே "ஆம்" என்று நுழைந்து, 'தேர்ச்சி' என்ற சொல்லோடு வெளியேறிவிடுவாள். பரிசு என்ற கிளையை அவள் எட்டவே மாட்டாள். அரிய நிபந்தனையை முதலிலும் பொதுவான நிபந்தனையைப் பின்னரும் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் லீப் ஆண்டு. 365 படிகள் லீப் ஆண்டுக்குப் போதா. ஒரு படி குறையும். எது லீப் ஆண்டு? 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்று நாம் சிறு வகுப்பில் படித்தோம். முழு விதி அதைவிடச் சற்று நீளம். 4ஆல் வகுபட வேண்டும்; ஆனால் 100ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு ஆகாது; ஆனால் 400ஆலும் வகுபட்டால் அது லீப் ஆண்டே. அதனால் 1900 லீப் ஆண்டு அன்று, 2000 லீப் ஆண்டு. 2100ஆம் ஆண்டிலும் பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான் இருக்கும்.

இந்த 'ஆனால்' விதியை உலகுக்குத் தந்தவர் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி. பழைய நாட்காட்டியில் ஒவ்வொரு நான்காம் ஆண்டும் லீப் ஆண்டாக இருந்தது. ஆண்டுக்குச் சில நிமிடங்கள் என்று கூடிக் கூடி, பல நூற்றாண்டுகளில் நாட்காட்டி 10 நாட்கள் பிசகிவிட்டது. 1582ஆம் ஆண்டில் அவர் அந்தப் 10 நாட்களை நீக்கி, அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் காலமானது அந்த இரவில்தான். அவரது திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுவதும் இதனால்தான். நிபந்தனையில் ஒரு 'ஆனால்' விடுபட்டதால் வந்த பிழையைத் திருத்த 10 நாட்களையே இழக்க வேண்டியிருந்தது!

பிழைகளின் மூன்று குடும்பங்கள்

நிரலில் நேரும் பிழைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, தொடரியல் பிழை. இது எழுத்துப் பிழை போன்றது. 'முடி' என்று போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டால், கணிப்பொறி நிரலை ஏற்கவே ஏற்காது; எந்த வரியில் குற்றம் என்றும் காட்டிக்கொடுக்கும். மூன்றிலும் இதுவே தீங்கற்றது.

இரண்டாவது, இயக்க நேரப் பிழை. நிரல் சரியாகத் தொடங்கி ஓடும். நடுவழியில் செய்ய இயலாத ஒரு வேலை குறுக்கிடும். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் அது திகைத்து நின்றுவிடும்.

மூன்றாவது, தருக்கப் பிழை. இதுதான் பொல்லாதது. கணிப்பொறி ஒரு குறையும் சொல்லாது, நிற்காது, தவறான விடையைத் தந்துவிட்டுச் சாதுவாக இருக்கும். மேலே சொன்ன 35 மதிப்பெண் மாணவியின் கதை இந்த வகையைச் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இப்பிழைகளைப் 'பக்' என்று அழைக்கிறார்கள். பூச்சி என்று பொருள். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கணிப்பொறி மக்கர் செய்தது. திறந்து பார்த்தபோது உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் விஞ்ஞானி பணியாற்றிய குழு அது. பிழையை மறைக்காமல் தேதியுடன் எழுதி வைத்தார்களே, அந்தப் பண்பை நாம் பாராட்ட வேண்டும்.

"முயன்று பார், முடியாவிட்டால்…"

பிழை வரவே வராமல் எழுதுவது எவராலும் இயலாது. ஆகவே பிழை வந்தால் என்ன செய்வது என்பதையும் நிரலிலேயே எழுதிவைக்கிறார்கள். நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் படிக்கும் 'பைத்தான்' மொழியில் இதற்கு 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்ற சொற்கள் உள்ளன. "இதை முயன்று பார்; இன்ன தடை வந்தால் நின்றுவிடாதே, இவ்வாறு செய்" என்பது அவற்றின் பொருள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவியின் ஐந்து பாட மதிப்பெண்கள் 80, 75, 90, 85. ஒன்றுக்கு மட்டும் 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறது. அன்று அவளுக்குக் காய்ச்சல். எண்ணை எதிர்பார்த்த கணிப்பொறி எழுத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒருவர், "எண் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்" என்று எழுதுகிறார். நிரல் இப்போது நிற்காமல் ஓடும். ஆனால் 330 மதிப்பெண்ணை 5ஆல் வகுத்து, சராசரி 66 என்று சொல்லும். அவள் எழுதிய நான்கு பாடங்களின் சராசரியோ 82.5! இயந்திரம் நின்றிருந்தால் யாராவது ஓடி வந்து பார்த்திருப்பார்கள். நிற்காமல் ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. பிழையின் வாயை அடைப்பது வேறு, பிழையைக் கையாள்வது வேறு. "ஒரு பாடத்துக்கு மதிப்பெண் இல்லை, ஆசிரியை கவனிக்கவும்" என்று அறிவித்துவிட்டு மற்றவற்றைக் கணக்கிடுவதே சரியான முறை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு 'நில்'

கணிப்பொறி "பிழை" என்று சொல்லும்போது மனிதர் என்ன செய்ய வேண்டும்? இதற்கு நம் அருகிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. திருத்தணியிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் உள்ளது.

1979 ஆகஸ்டு 10ஆம் நாள் அங்கே எஸ்.எல்.வி. 3 என்ற ராக்கெட் தயாராக நின்றது. உயரம் 22 மீட்டர், எடை 17 டன். பாரதம் தானே செய்த ராக்கெட்டில் தன் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப எடுத்த முதல் முயற்சி அது. திட்டத்தின் இயக்குநர், ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த டாக்டர் அப்துல் கலாம். நேரம் இறங்குமுகமாக எண்ணப்பட்டு வந்தது. கடைசிக் கட்டச் சோதனைகளைக் கணிப்பொறி ஒவ்வொன்றாகச் செய்தது. திடீரென்று "நிறுத்து, ஏவாதே" என்று அறிவித்துவிட்டது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ சரியில்லை என்பது அதன் கணக்கு.

அங்கிருந்த நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். கசிவு இருக்கிறது, எனினும் தேவைக்கு மேல் திரவம் இருப்பில் உள்ளது, ஏவலாம் என்று கருதினார்கள். கணிப்பொறியின் தடையை மீறி ஏவுவது என்று கலாம் முடிவு செய்தார். முதல் அடுக்கு அழகாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு போய்விட்டது. 317 விநாடிகளில் பயணம் முடிந்து, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஒரு வால்வில் தூசி சிக்கி அது மூடாமல் நின்றதால், கட்டுப்பாட்டுக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துவிட்டது என்று பின்னர் ஆராய்ந்து அறிந்தார்கள்.

பத்திரிகையாளர் கூட்டத்தில் அன்றைய இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் தாமே முன்வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு, 1980 ஜூலை 18ஆம் நாள், அதே எஸ்.எல்.வி. 3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வெற்றியுடன் சேர்த்தது. அப்போது பத்திரிகையாளரிடம் பேசக் கலாமையே அனுப்பினார் தவான். இந்நிகழ்ச்சியைக் கலாம் பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் ஒளிக்காமல் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, "கணிப்பொறி சொன்னால் மனிதர் மறுக்கவே கூடாது" என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. அதற்கு இன்னொரு வரலாறு சாட்சி.

நிலவில் ஒலித்த அபாய மணி

1969 ஜூலை 20ஆம் நாள், ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய கணிப்பொறி '1202' என்ற அபாய எண்ணைக் காட்டியது. செய்ய முடிந்ததைவிட அதிக வேலை வந்து சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இறங்குவதா, திரும்புவதா? சில விநாடிகளில் தரையிலிருந்து "இறங்கலாம்" என்று விடை வந்தது. அவர்கள் பத்திரமாக இறங்கினார்கள்.

அங்கே மீறியவர்கள் வென்றார்கள், இங்கே மீறியவர்கள் தோற்றார்கள் என்றால் அது அதிர்ஷ்டமா? இல்லை. அதே மாதத்தில் நடந்த ஒத்திகை ஒன்றில் இதைப் போன்ற அபாய எண் வந்தபோது, தரைக் குழுவினர் தேவையில்லாமல் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். அதன் பிறகு ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர், எந்த எண் வந்தால் தொடரலாம், எந்த எண் வந்தால் திரும்ப வேண்டும் என்று ஒரு பட்டியலைக் கையால் எழுதித் தயாராக வைத்திருந்தார். நிரலும் அதற்கேற்பவே அமைந்திருந்தது. மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியின் தலைமையில் எழுதப்பட்ட அந்த நிரல், வேலை மிகுந்துவிட்டால் சில்லறை வேலைகளைத் தள்ளிவிட்டு, இறங்குவதற்கு வேண்டிய வேலைகளை மட்டும் தொடர்ந்து செய்யும்.

அபாய அறிவிப்பு வந்த பிறகு யோசிப்பவர் அவசரத்தில் யோசிக்கிறார். வருமுன்பே யோசித்தவர் அமைதியாக விடை சொல்கிறார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு அல்லவா?

அணை போடாததால் வந்த வெள்ளத்துக்கும் சான்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகள் 'ஏரியான் 5' என்ற புதிய ராக்கெட்டை முதன்முறையாக ஏவின. பழைய 'ஏரியான் 4'க்காக எழுதிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே அதில் வைத்திருந்தார்கள். அதில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் 32,767க்கு மேல் அடங்காது. புதிய ராக்கெட் வேகமானது. எண் அந்த அளவைத் தாண்டிவிட்டது. தாண்டினால் என்ன செய்வது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே கருவி நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல். ஆகவே அதுவும் நின்றது. ஏவிய 40 விநாடிகளுக்குள் ராக்கெட் வானில் சிதறியது. ஒரே பிழையைச் சுமக்கும் இருவர் ஒருவருக்கொருவர் துணையாக முடியாது.

தோல்வியிலிருந்து தொடங்கிய சந்திரயான்

2019 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலையில் சந்திரயான் 2இன் 'விக்ரம்' கலம் நிலவில் இறங்கும் கடைசி நேரத்தில் தொடர்பை இழந்தது. அக்கலத்துக்குத் தரையிலிருந்து கைகொடுக்க முடியாது. நிலவிலிருந்து செய்தி வர ஒரு விநாடிக்கு மேல், பதில் போய்ச்சேர மீண்டும் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே அத்தனை முடிவுகளையும் கலத்தில் உள்ள கணிப்பொறியே எடுக்க வேண்டும்.

என்ன பிசகு என்று இஸ்ரோ ஆராய்ந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின. சிறு சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் வேகத்துக்கு நிரலில் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். இறங்குமிடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாக இருந்தது.

அடுத்த கலத்தைத் திட்டமிட்டபோது கேள்வியையே மாற்றினார்கள். "எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எது எது கெட்டுப்போகலாம், அப்போதும் எப்படி இறங்குவது?" என்று கேட்டார்கள். உணர்கருவி கெட்டால், எஞ்சின் கெட்டால், கணக்கு பிசகினால் என்று ஒவ்வொன்றுக்கும் வழி வகுத்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். இணைத் திட்ட இயக்குநர் கல்பனா காளஹஸ்தி என்ற பெண்மணி. நம்மைப் போன்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெருமை!

நம் வாசலில் உள்ள 'இல்லாவிட்டால்'

ராக்கெட்டும் நிலவும் நமக்கு எட்டாதவை என்று எண்ண வேண்டாம். இதே விஷயம் நம் தெருவிலும் நடக்கிறது.

2020ஆம் ஆண்டிலிருந்து நம் மாநில ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. "ரேகை பொருந்தினால் பொருள் கொடு" என்பது நிரல். நல்ல ஏற்பாடுதான், ஒருவர் பொருளை மற்றொருவர் வாங்க முடியாது. ஆனால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கங்களில் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது. தறியிலும் வயலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பாட்டிமாரின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ஆயாவும் அவ்வாவும் கருவியில் விரலை வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, "ரேகை விழவில்லை" என்ற பதிலைக் கேட்டு நிற்பதை நாம் பார்க்கிறோம். நிரலில் 'ஆனால்' இருக்கிறது, 'இல்லை' என்ற கிளை இல்லாவிட்டால் அந்தப் பாட்டி எங்கே போவார்? கணிப்பொறிக்கு அவர் ஒரு பிழை. நமக்கோ அவர் பாட்டி.

இதை உணர்ந்துதான் பின்னர் வேறு வழிகளையும் சேர்த்தார்கள். கண்ணின் கருவிழியைப் பார்த்து அறியும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. 'ரேகை பொருந்தாவிட்டால் கருவிழியைப் பார்' என்பது ஒரு புதிய கிளை. அதுவும் முடியாவிட்டால் ஒரு மனிதர் பார்த்து, விசாரித்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் அடியில், கடைசிக் கிளையாக, ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் நம்முடையது. இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பெயர் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரில் ஓரெழுத்து இனிஷியல் மட்டும்தான். சில விண்ணப்பப் படிவங்கள் "கடைசிப் பெயரில் இரண்டு எழுத்தாவது வேண்டும்" என்று நிபந்தனை போட்டுத் தமிழ்ப் பெயரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அந்த நிபந்தனையை எழுதியவர் கெட்டவர் அல்லர்; நம்மைப் போன்ற பெயர் உள்ள ஒருத்தி உலகில் இருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நிரல் எழுதும் அறைக்குள் நம் ஊர்ப் பெண்களும் போய் அமர வேண்டியதன் அவசியம் இதிலிருந்து புலப்படவில்லையா?

எங்கே கற்கலாம்?

இவற்றைக் கற்கக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே 'ஸ்கிராட்ச்' பற்றிய பாடம் உள்ளது. அதில் 'ஆனால்', 'இல்லாவிட்டால்' ஆகியவை வண்ணக் கட்டைகளாக இருக்கின்றன. குழந்தைகள் கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கினால் நிரல் தயார். கணிப்பொறி இல்லாத வீட்டில் காகிதமும் பென்சிலும் போதும். கேள்விக்கு வைர வடிவம், வேலைக்குச் செவ்வகம், வழிக்கு அம்புக்குறி என்று பாய்வுப் படம் வரைந்து பழகலாம். வரைந்ததும் தோழியிடம் கொடுத்து, "இது எங்கே உடையும், கண்டுபிடி" என்று கேளுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை மற்றவர் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

பெண்களுக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் அவர்களின் வாழ்வே விடை. அமெரிக்கத் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த இவர், 1965ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. பட்டத்தைப் பெற்றதும் அயோவா மாநிலத்தில் உள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, பல ஆண்டுகள் நடத்தினார். கணிப்பொறி ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று, எல்லாருக்கும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

முடிவுரை

திருவள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராய்ந்து பார்த்து ஒரு செயலில் இறங்குவது பற்றிய அதிகாரம் அது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் அதையே செய்கிறார்கள். எல்லையில் நிற்பவரை மறக்காதிருத்தல், 'உம்'முக்கும் 'அல்லது'வுக்கும் வேறுபாடு அறிதல், பிழையை மறைக்காமல் அறிவித்தல், கெட்டுப்போகக்கூடியவற்றை முன்பே எண்ணி வைத்தல் ஆகிய நான்கையும் கற்றவர் நல்ல நிரல் எழுதுவார்.

ஆகவே தோழியரே, அடுத்த முறை "கம்ப்யூட்டர் ஏற்கவில்லை" என்று யாரேனும் ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினால், "ஏற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதியிருந்தால் அதன்படி நடக்கட்டும். எழுதியிராவிட்டால், அதை எழுதும் நாளுக்காக நாம் படிப்போம்.